ஓர் ‘ஆல்’ குறைகிறது

...இதற்கு அதுதான் காரணம் என்று நானாக எழுதிவிட முடியாது, டாக்டர் எழுதியிருக்க வேண்டும், அவர் எழுதவில்லை. ரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறது, சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது, நடுவில் ஒரு காற்புள்ளி, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் படுத்திருந்த அந்தக் கிழவருக்குக் கிருமியால் சிறுநீரகம் போனதா, இல்லை இரண்டும் தனித்தனியாக வந்தனவா... மேலகரத்தில் மாடியறையில் உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் பில்லுக்காக அவருடைய நோய்களுக்குக் குறியீடு போடும் எனக்கு ஓர் ‘ஆல்’ குறைகிறது. டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதிலும் முறை இருக்கிறது. கிருமியால்தானே என்று கேட்டால் பதிலை நாமே அவர் வாயில் திணித்ததாகிவிடும், எதனால் என்று மட்டும் கேட்க வேண்டும், ட்ரெயினிங்கில் ஸ்ரீவித்யா மேடம் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னது. அப்படியே எழுதி அனுப்பினேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்கிறது. ஐந்தாம் மாதத்தில் குழந்தை போன பிறகு இன்றுதான் மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்கிறேன், அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, ஜன்னலுக்கு வெளியே சாரல் விழுகிறது, விழட்டும்...

கீழே அத்தை பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரி அக்காவிடம் பேசுவது கேட்கிறது. யார் வந்தாலும் அதே இரண்டு வாக்கியம். ராவும் பகலும் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருந்தா. புள்ள தங்கல. நடுவில் ஒன்றும் கிடையாது. அத்தையைக் குறை சொல்ல முடியுமா, வெந்நீர் வைத்துக் கொடுத்தார், தலை துவட்டிவிட்டார், உன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் வேலையில் இப்படி இரண்டு வாக்கியம் வந்தால் நீயாகச் சேர்க்காதே என்பதுதான் விதி, இரண்டையும் இரண்டாகவே வை. வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் சேர்க்கவில்லை, சில நேரம் இப்படி ஆகும்மா என்றார், சில நேரம் என்பது ஒரு காரணமா? அந்தக் கேஸ் என்னிடம் வந்திருந்தால் காரணம் தெரியவில்லை என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். ஊர் எப்படி வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளட்டும். என் வீட்டுக்காரர் சேர்த்தாரா? அது மட்டும் தெரிந்தால் போதும் எனக்கு, அது தெரியாமல் அவர் பக்கத்தில் படுக்க முடியவில்லை.

அவர் சாப்பாட்டு நேரத்துக்கு மேலே வந்தார், சட்டை நனைந்து, கையில் ஒரு துரியன். ஆளுக்கு முன்னால் வாடை வந்துவிட்டது. குற்றாலத்தில் சீசனுக்கு விற்பது, தின்றால் பிள்ளை தங்கும் என்று இந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை, யார் வாங்கச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. முள் குத்தாமல் துண்டைச் சுற்றிப் பிடித்து, அரிவாள்மணையில் கீறிப் பிளந்து, பெரிய சுளையாகப் பார்த்து எனக்கு நீட்டினார். வாயில் போட்டேன். இனிப்பு, நாற்றம், நடுவில் காற்புள்ளி. வயிறு என் வயிறுதானா என்பது போல இருந்தது, பழம் யாருக்கோ போகிறது... கேட்டுவிடலாம், இப்போது கேட்காவிட்டால் என்றைக்கும் கேட்க மாட்டேன். என் பேர் வரக்கூடாது, வேலை என்ற சொல் வரக்கூடாது, கம்ப்யூட்டர் வரக்கூடாது, மேடம் சொன்ன மாதிரியே.

“எதனால போச்சுன்னு நீங்க நெனைக்கிய?”

விரலைத் துண்டில் துடைத்தார், துடைத்த விரலையே மறுபடி துடைத்தார். நல்ல மனிதர், எனக்கு நோகக் கூடாது என்று யோசித்துத்தான் சொன்னார்.

“ஒன்னாலன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்ட்டி.”

தலையாட்டினேன். இன்னொரு சுளை வேண்டுமா என்றார், அதற்கும் தலையாட்டினேன் போலிருக்கிறது, கையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார், படியில் செருப்புச் சத்தம், அத்தை என்னவோ கேட்பது, அவர் ‘தின்னுட்டா’ என்பது... நான் கேட்டது நினைப்பதை, அவர் சொன்னது சொல்ல மாட்டேன் என்பதை. அதுகூடப் பரவாயில்லை. என் கேள்வியை மனதுக்குள் திரும்ப எடுத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், சரியாகத்தான் கேட்டிருக்கிறேன், அதில் நான் எங்குமே இல்லை... பதிலில் எப்படி வந்தேன்?