லிஃப்ட் மணியை அழுத்தினால் யார் வருவார்

எங்கள் கட்டிடத்துச் சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்னு ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பத்து நிமிஷம் பேசுங்க ஐயா. முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பாத்தவராச்சே நீங்க."

காரியம் இல்லாமல் என் கதவை யாரும் தட்டியதில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் சரி என்றேன். ஒத்துக்கொண்டபின் சரியாகப் பேச வேண்டும். நான் சொன்ன தப்பை நம்பி ஒருவன் உள்ளே கிடந்து தவித்தால் அந்தப் பாவம் எனக்கு எதற்கு?

வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஃபோன் செய்தேன். "நெட்ல எல்லாம் இருக்குப்பா. அனுப்பறேன், அப்படியே வாசிச்சிடுங்க. வேலையா இருக்கேன், வெச்சிடறேன்."

அவள் அனுப்பியதில் முதல் வரியே, 'பதற வேண்டாம், மணியை அழுத்துங்கள், உதவிக்கு ஆள் வருவார்.' எழுதியவன் எந்த லிஃப்டில் மாட்டினான்? எந்த ஆள் வந்தான்? கண்டவன் எழுதியதை நான் என் வாயால் சொல்வதில்லை. நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணி. எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம். நோட்டும் பேனாவுமாக ஏறி, மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே லிஃப்டை நிறுத்தினேன். உள்ளேயே அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. மேலே தள்ளினால் மறுபடி ஓடும். நினைத்த நேரம் நான் வெளியே வரலாம். மணியை அழுத்தினேன்.

ஐந்தாவது நிமிடம் கீழே யாரோ பொத்தானைக் குத்தினார்கள். "சனியன், மறுபடியும் படுத்துடுச்சு!" செருப்புச் சத்தம் படியேறிப் போனது. மறுபடி அழுத்தினேன். பதினெட்டாவது நிமிடம் ஒரு வீட்டில் டிவி சத்தம் கூடியது. முப்பதில் கால் கடுத்துத் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

நாற்பத்தொன்றில் கதவில் தட்டும் சத்தம். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" ஒரு பெண் குரல்.

"இருக்கேம்மா. ரெண்டாவது மாடி வீட்டுக்காரன்."

"ரெண்டாவது மாடியில யாரு இருக்கா?"

பதினான்கு வருடமாக இருக்கிறேன். "தனியா இருக்கிற கிழவன்" என்றேன்.

"ஐயையோ, பயப்படாதீங்க பெரியவரே. நான் நாலாவது மாடி. ஆஸ்பத்திரியில நர்ஸு, இப்பதான் டியூட்டி முடிஞ்சு வரேன். மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டுட்டேன். அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன், பேசிக்கிட்டே இருங்க."

சோதனை அங்கேயே முடிந்துவிட்டது. சுவிட்சில் கை வைத்தேன். தள்ளவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். முட்டி வலிக்கிறதா என்று கேட்டாள். இறந்துபோன மனைவியைப் பற்றி நான் சொன்னேன். தன் மாமியாரைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்டு நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். பிறகுதான் தள்ளினேன். "தானா சரியாயிடுச்சு போல" என்றேன். அவள் மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் வீட்டு வாசல்வரை என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் விட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் முப்பது பேர். மூன்றாவது வரிசையில் அவள் இருந்தாள். சுவிட்சைச் சொல்லாமல் விடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அதை மறைத்துவிட்டு மற்றதை நம்புங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

"மணி அடிச்சா ஆள் வரும்னு போட்டிருக்கு. நாப்பத்தொரு நிமிஷம் யாரும் வரல. போன மாசம் இதே மணி அடிச்சப்போ நான் ரேடியோவைக் கூட்டி வெச்சேன். அதனால மாட்டினவங்களுக்குச் சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்ல. சத்தம் கேட்டா எழுந்து போங்க, அவ்வளவுதான். அந்த அம்மா வந்தாங்க." சுவிட்சையும் சொன்னேன்.

யாரும் கை தட்டவில்லை. நாற்காலிகளை மடக்கும்போது அவள் எதிரே வந்து நின்றாள்.

"என்னை எவ்வளவு நேரம் உக்கார வெச்சீங்க?"

"இருபத்திரண்டு நிமிஷம்மா."

"அதையும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் ஏறிப் போனாள். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நோட்டைத் திறந்து எழுதினேன்.