ரேவதி முடியும் நேரம்

கணவர் வரதனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் நாத்தனார் துணியால் சேர்த்துக் கட்ட, முத்தம்மாள் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கூடத்தில் யாரோ உயிர் போன நேரத்தைக் கேட்டார்கள். வரதன் இருந்திருந்தால் சிரித்திருப்பார். பட்டாபிராமில் அந்தத் தெருவிலேயே சாமி படம் இல்லாத அறை அவருடைய மாடியறை ஒன்றுதான்.

தினமும் காலை ஐந்தரைக்கு அங்கே போய்விடுவார். கிழக்கு ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரு மணி நேரம் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மந்திரம் கிடையாது, விபூதி கிடையாது. கேட்டால், இவ்வளவு பெரிசுக்கு முன்னால் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன், அவ்வளவுதான் என்பார். நானும் வரட்டுமா என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, உனக்குத்தான் பூஜையறை இருக்கிறதே என்றார். சரி, மனுஷனுக்குத் தனியாக இருக்க வேண்டுமாக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் தனியாக எங்கே இருந்தார்? பக்கத்துத் தெரு ஏகாம்பரமும் கூட உட்கார்ந்தார், பதினோரு வருஷமாக. அதுவும் யார்? ஜோசியர்! "எத்தினியோ கோடி மைலுக்கு அந்தாண்ட கீற கெரகத்துக்கு, இங்க ஒருத்தன் கல்யாணத்துல இன்னா வேலை?" என்று டீக்கடையில் அந்த ஆளோடு மல்லுக்கு நின்றவர், ஜன்னலுக்கு முன்னால் மட்டும் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். பெண்டாட்டிக்கு இல்லாத நாற்காலி. நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. செத்துக் கிடந்தவரின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோதும் எரிந்தது.

இன்று ஏகாம்பரம் திருமழிசையில் மகள் வீட்டில் இருந்தார். ஆறரைக்குக் காப்பி கொண்டுபோன முத்தம்மாள்தான் முதலில் பார்த்தாள். வரதன் நாற்காலியில் சாய்ந்தபடியே போயிருந்தார். மடியில் போன். ஆறு பன்னிரண்டுக்கு ஏகாம்பரத்தைக் கூப்பிட்டிருக்கிறார், நாலு நிமிஷம். கீழேதானே இருந்தாள் இவள், ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

அடித்துப் பிடித்து வந்து சேர்ந்த ஏகாம்பரத்திடமே பஞ்சாங்கத்தைக் கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். காலை ஆறு ஐந்து வரை ரேவதி நட்சத்திரம், அப்புறம் அசுவினி. ரேவதியில் போயிருந்தால் அடைப்பு. உயிர் போன அறையைப் பூட்டிவிட வேண்டும், ஆறு மாதம் யாரும் உள்ளே நுழையக் கூடாது. அசுவினி என்றால் ஒன்றும் வேண்டாம்.

மகன் விஷால் குறுக்கே வந்தான். "அப்பாவுக்கு இதெல்லாம் புடிக்காதும்மா. உட்டுடு."

விட்டுவிட்டால் நாளை மறுநாளே இந்த ஆள் மேலே போய் உட்கார்ந்துகொள்வார். வாங்க மாமா என்று இவனே கதவைத் திறந்துவிடுவான்.

"அஞ்சே முக்காலுக்கே போயிட்டாரு," என்றாள் முத்தம்மாள். "தொட்டுப் பாத்தேன். பயந்துகினு அங்கியே குந்திட்டேன்."

ஏகாம்பரம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஆறு பன்னிரண்டுக்கு வரதன் உயிரோடு இருந்தது அவருக்குத் தெரியாதா? அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் பஞ்சாங்கத்தை மூடினார்.

"ரேவதிதான். பூட்டிடுங்க."

சுடுகாட்டுக்குப் போனவர்கள் சாயங்காலம் திரும்பி, விளக்கைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். முத்தம்மாள் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் போகவிருந்த ஏகாம்பரத்தை நிறுத்தினாள்.

"அண்ணே, போன்ல இன்னா சொன்னாரு?"

"வெள்ளி நல்லா தெரியுது, பாருன்னாரு. தெருவுல வந்து பாத்தேன். அப்பால ரெண்டு பேரும் சும்மா இருந்தோம்."

"நாலு நிமிசமுமா?"

"ஆமா தங்கச்சி."

முப்பத்து நாலு வருஷத்தில் அவளோடும் அவர் எத்தனையோ நாள் பேசாமல் இருந்திருக்கிறார். பேப்பரைப் பார்த்துக்கொண்டு, டிவியைப் பார்த்துக்கொண்டு. அது வேறு. இந்த நாலு நிமிஷத்தை அவர் அவளுக்குக் கொடுத்ததே இல்லை. இனி அவளே மேலே போய் உட்கார்ந்து, என்னதான் இருக்கிறது அங்கே என்று பார்க்கலாம் என்றாலும் ஆறு மாதத்துக்கு முடியாது. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அஞ்சே முக்கால் இல்ல அண்ணே."

"தெரியும்."

"அப்பறம் ஏன் பூட்டச் சொன்னீங்க?"

"உன் ஊடு தங்கச்சி."

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, குந்துங்க என்றாள். அவர் இரண்டு படி கீழே உட்கார்ந்தார். எதிர்வீட்டுத் தண்ணீர் டாங்கிக்கு மேலே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"இன்னா பண்ணணும் இப்ப?" என்று வானத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண வேணாம்."

உள்ளேயிருந்து நாத்தனார், சர்க்கரை டப்பா எங்கே அண்ணி என்று கேட்டாள். முத்தம்மாள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.