பரணில் ஏறிய அரிவாள்மனை

என் மகள் தேவிப்பிரியாவுக்கு முதுகு கோணல். முதுகெலும்பில் சில எலும்புகள் தனித்தனியாகப் பிரியாமல் பிறவியிலேயே ஒட்டிக் கிடக்கின்றன. டாக்டர் அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று சொன்னார். என் நாத்தனார் காவேரி சுருக்கமாகச் சொன்னாள்: கிரகணம்.

2019 டிசம்பரில் சூரிய கிரகணம் பிடித்த காலையில், ஆறு மாத வயிற்றோடு நான் முருங்கைக்காய் அரிந்தது உண்மைதான். பசி, வேறென்ன? காவேரி ஓடிவந்து அரிவாள்மனையைப் பிடுங்கிப் பரணில் போட்டாள். குழந்தை பிறந்த பிறகு அது அங்கேயே தங்கிவிட்டது. ஐந்து வருடமாகக் கத்தியில்தான் காய் நறுக்குகிறேன். என் கணவர் முருகேஷ் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அரிவாள்மனையை இறக்கியதும் இல்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

போன வருடம் பெங்களூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து மகளின் ரத்தம் கொஞ்சம் கேட்டார்கள். சம்மதப் படிவத்தில் 'குருத்தணு (ஸ்டெம் செல்)', 'கருவைப் போன்ற திசு' என்றெல்லாம் இருந்தது. கம்பைநல்லூர் உரக்கடையில் பில் போடுகிற எனக்குப் பயிரைத் துளைக்கிற குருத்துப்புழுதான் தெரியும். 'கரு' என்கிற இடத்தை இரண்டு தடவை படித்தேன். என் பிள்ளையை இன்னொரு தடவை செய்யப் போகிறார்களா? கேட்கக் கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, அங்கே வேலை செய்கிற கனிமொழி லேப்டாப்போடு வீட்டுக்கே வந்தாள். அரூர்க்காரப் பெண். காவேரியும் கூட உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் வெள்ளைப் புழு மாதிரி இரண்டு. நல்ல முதுகுள்ள யாரோ ஒருவரின் ரத்தத்திலிருந்து வளர்த்த முதலாவது, வளர வளர ஒரே அளவுத் துண்டுகளாகப் பிரிந்துகொண்டே வந்தது. இரண்டாவது தாறுமாறாகப் பிரிந்து, சில இடங்களில் பிரியாமலே நின்றது.

"இது பாப்பா ரத்தத்துல இருந்து வளத்ததுங்கக்கா. வயித்துல மொத ரெண்டு மாசத்துலயே முதுகு அந்த மொதலாவது மாதிரி துண்டு துண்டாப் பிரியணும்."

"அப்ப இது எம் புள்ளையா?" என்றேன்.

"இல்லீங்கக்கா. முதுகு ஆகற சதை மட்டுந்தான். கொழந்தையா வளராது."

பாதிதான் புரிந்தது. ஆனாலும் அந்தப் பிரியாத இடத்தை மறுபடி போடச் சொன்னேன். என் கை பக்கத்தில் இருந்த மகளின் முதுகைத் தேடிப் போயிற்று.

காவேரி நிஜமாகவே கவலையோடு கேட்டாள்: "ஏம்மா, இதை வளத்தறப்ப கிரகணம் எதாச்சும் புடிச்சுதா?"

"கிரகணமா? இல்லீங்களே. மூணு தடவை வளத்தோம். மூணு தடவையும் இப்படித்தான் வந்துச்சு."

காவேரி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி இன்னொரு தடவை பார்த்தாள்.

"அப்ப எதனாலங்க?" என்றார் முருகேஷ்.

"ஜீன்ல இருக்கற கோளாறுங்கண்ணா. அம்மாகிட்ட இருந்து ஒன்னு, அப்பாகிட்ட இருந்து ஒன்னு. ரெண்டும் சேர்ந்தாத்தான் இப்படி ஆகும்."

கனிமொழி போன பிறகு பரணில் பாத்திரங்கள் உருண்டன. முருகேஷ் தலையெல்லாம் ஒட்டடையோடு அரிவாள்மனையை இறக்கிக்கொண்டு வந்தார். துருவைத் தேய்த்துக் கழுவி, முருங்கைக்காயை எடுத்து அவரே அரிய உட்கார்ந்தார். ஒரு துண்டு நீளம், ஒரு துண்டு குட்டை.

"எனக்கும் பாதி பங்கு இருக்குதாமே, அமுதா," என்றார், தலை நிமிராமல்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. அந்த மனுசனைக் கட்டிக்கொள்வதா, இந்த ஐந்து வருடத்துக்காக அதே அரிவாள்மனையால் ஒரு போடு போடுவதா என்று தெரியாமல் நின்றேன்.