அம்மா கழுத்துக்கு ஒரு கத்தரிக்கோல்

எனக்கும் அக்காவுக்கும் எட்டு மாதம் பேச்சு இல்லாமல் இருந்தது. காரணம் ஒரு போட்டோ. சிரிக்காமல் கேட்பதானால் சொல்கிறேன்.

தம்பி புது வீட்டுக்குக் குடி போனபோது குடும்பமாக நின்று எடுத்தது. மொத்தம் மூன்று எடுத்தார்கள். அதில் இரண்டு ஒழுங்காக இருந்தன. மூன்றாவதில் நான் ஒருத்தி மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அக்கா அந்த மூன்றாவதைப் பொறுக்கி எடுத்து, பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு, தன் வீட்டு ஹாலில் மாட்டிவிட்டாள். அதில்தான் அவள் தலைமுடி அழகாக விழுந்திருந்ததாம். முடி வெட்டிப் பிழைக்கிறவளுக்கு முடிதானே பெரிசு. நானோ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி பொருத்துகிற நான் அவள் வீட்டுச் சுவரில் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன்.

“கழட்டு” என்றேன்.

“மாட்டேன்” என்றாள்.

நான் வாய்க்கு வந்தபடி பேசித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “எப்பப் பாரு அம்மா பக்கத்துல, நடுவுல போய் நின்னுக்குவ. சின்ன வயசுலேருந்து நான் ஓரம்தான். ஒரு போட்டோவுலயாவது நான் நல்லா இருந்துட்டுப் போறேனே, உனக்கு என்ன?”

சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்துவிட்டேன். கைப்பையை அங்கேயே விட்டுவிட்டு வந்ததால், தெருமுனை வரை போய்விட்டுத் தம்பிக்குப் போன் செய்து அதை எடுத்து வரச் சொல்ல வேண்டியிருந்தது. என் கோபமெல்லாம் இந்த லட்சணம்தான்.

இந்த நிலையில் அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம். ஈரப் போர்வைகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து மடமடவென்று மறுபக்கம் எடுக்கிற வேலை. உருளை இழுத்துவிடும் என்பதால் கழுத்தில் ஒரு நூல்கூட இருக்கக் கூடாது என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். தினமும் கழற்றி மாட்டுவதற்குச் சோம்பல்பட்டு, அம்மா வீட்டிலும் வெறுங்கழுத்தோடு இருந்து பழகிவிட்டாள். இனிமேல் உருளை இல்லை. அந்தக் கழுத்துக்கு நாமே ஒரு சங்கிலி செய்து போட வேண்டும், வீட்டில் ஆளுக்கு ஒரு குட்டி டாலர் அதில் தொங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கடையில் வாங்கினால் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள்.

தம்பி லாரி ஓட்டுகிறவன். தன் சாவிக்கொத்திலிருந்து கட்டைவிரல் நகத்தளவு லாரி ஒன்றைக் கழற்றிக் கொடுத்தான். அப்பா நிஜச் சாவியையே கொடுத்தார். அம்மாவும் அவரும் முதன்முதலில் குடியிருந்த ஒற்றை அறையின் பித்தளைச் சாவி. “காலி பண்ணும்போது திருப்பிக் குடுக்க மறந்துட்டேன். அந்த வீட்டுக்காரர் இன்னும் தேடிக்கிட்டிருப்பார்” என்றார். கனமோ கனம். நான் கண்ணாடிச் சட்டக் கம்பியை வளைத்து ஒரு குட்டி மூக்குக்கண்ணாடி செய்தேன். அக்காவுடையது தம்பி வழியாகத் தீப்பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. ஒரு சின்ன வெள்ளிக் கத்தரிக்கோல்.

“கூடவே ஒண்ணு சொல்லச் சொன்னா. சொல்லட்டுமா வேணாமா?” என்று தம்பி இழுத்தான்.

“இவ்ளோ சொல்லிட்டு அப்புறம் என்ன? சொல்லித் தொலை.”

“‘நடுவுல அவளோடதுதான் இருக்கும். என்னோடத எங்கயாச்சும் ஓரத்துல மாட்டிக்கச் சொல்லு’ன்னா.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துத் துண்டை விரித்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக என் மூக்குக்கண்ணாடியைத்தான் நட்டநடுவில் வைத்தேன். ஆமாம், அப்படித்தான், என்ன செய்வாள் பார்க்கலாம்.

வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. டாலரைச் சங்கிலியோடு சேர்க்க ஒரு குட்டி வளையம். அதன் வாயை இரண்டு பக்கமும் இழுத்துப் பிளந்தால் வட்டம் கெட்டுவிடும். இரண்டு குறடுகளால் பிடித்து ஒரு முனையை முன்னாலும் ஒரு முனையைப் பின்னாலும் திருப்ப வேண்டும், மூடும்போதும் அப்படியே. சங்கிலியின் கண்ணிகள் மட்டும் ரொம்பப் பொடி. வளையம் உள்ளே நுழையவில்லை. இதற்கெல்லாம் அசருகிறவளா நான்? சங்கிலியையே சுற்றி வளையத்தைப் போட்டு மூடினேன். நடுவிலிருந்து ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று ஸ்கேல் வைத்து அளந்து ஒவ்வொன்றையும் சம தூரத்தில் நிறுத்தினேன். துண்டின்மேல் அவை பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன.

என் கணவர் எட்டிப் பார்த்தார். “ஒரு தடவ கழுத்துல போட்டுப் பாரேன்.”

“நீங்க பேப்பரப் படிங்க. ஒரு நாளைக்கு நாப்பது கண்ணாடிக்கு ஸ்க்ரூ போடறவ நான்.”

அவர் பேப்பரைப் படிக்கப் போய்விட்டார். நல்ல மனுஷர்.

அப்போதுதான் அம்மா போன் செய்தாள். சுற்றி வளைக்கவில்லை. “என் கடைசி நாள் டீ பார்ட்டிக்கு நாற்காலி போடறாங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மேசையில போடச் சொல்லவா, தனித்தனி மேசையா? இப்பவே சொல்லிடு, கடைசி நேரத்துல என்னைய ஓட வைக்காத.”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டாள். முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவளின் கடைசி நாளில், அவளுடைய கவலை எங்களுக்கு நாற்காலி போடுவது. எனக்கு வெட்கமாகிவிட்டது. “ஒரே மேசையில போடச் சொல்லும்மா” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். குறடுகளைக் கையில் எடுத்தேன். என் கண்ணாடியைக் கழற்றி ஓரத்தில் போட்டேன். கத்தரிக்கோலை நடுவில் வைத்து, மறுபடியும் அளந்து மூடினேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. பிறவிக் கோளாறு. அக்கா கண்ணால் பார்த்தால் போதும், புரிந்துகொள்வாள் என்று நம்பினேன். பார்ட்டிக்கு இருந்த நாலு நாளும் அதே நினைப்பாக இருந்தேன்.

பார்ட்டி சலவைக்கூடத்தின் ஓய்வறையில் நடந்தது. துவைத்த துணியின் சூட்டு வாசனை, காகிதக் கோப்பைகளில் டீ, ஒரு கேக். ஒரே மேசையில்தான் உட்கார்ந்தோம். அக்கா இந்த முனை, நான் அந்த முனை, நடுவில் தம்பி தடுப்புக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தான். அக்கா என்னைத் தவிர எல்லாரையும் பார்த்தாள். சுவரில் எழுதியிருந்த விதிகளைக்கூட ஒன்று விடாமல் படித்தாள்.

அம்மா பெட்டியைத் திறந்தாள். சங்கிலி அட்டையின்மேல் நான் ஒட்டி வைத்த ஒழுங்கில் இருந்தது. அக்கா தலையைத் தூக்கவே இல்லை. இப்போது பார்ப்பாள், இதோ பார்ப்பாள் என்று நான் தவித்தேன். அதற்குள் அம்மா அவசரமாக எடுத்துக் கழுத்தில் போட்டு, அப்பாவிடம் பின்பக்கக் கொக்கியை மாட்டச் சொல்லி, நிமிர்ந்து நின்றாள்.

சர்ரென்று ஒரு சத்தம்.

லாரி இறங்கியது. கண்ணாடி இறங்கியது. அப்பாவின் சாவி எல்லாவற்றுக்கும் மேல் வந்து தொப்பென்று விழுந்தது. நாலும் அடியில் ஒரே குவியல். கத்தரிக்கோல் இருந்த இடமே தெரியவில்லை.

அப்போதுதான் அக்கா நிமிர்ந்து பார்த்தாள், அந்தக் குவியலை. எட்டு மாதக் கோபத்தை விழுங்கி, ஸ்கேல் வைத்து அளந்து நான் கேட்ட மன்னிப்பு சாவிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அக்கா!” என்று கத்திவிட்டேன். “உன் கத்தரிக்கோலத்தான் நடுவுல வச்சேன்! சத்தியமா! அப்பா சாவி வந்து கெடுத்துடுச்சு!”

“நான் என்னடி பண்ணேன்?” என்றார் அப்பா.

அக்கா எழுந்து வந்தாள். அம்மா கழுத்துக்கிட்டே குனிந்து, சாவியை விலக்கி, லாரியை விலக்கி, தன் கத்தரிக்கோலைக் கண்டுபிடித்தாள். வளையத்தை விரலால் தள்ளிப் பார்த்தாள். அது சங்கிலியில் ஊஞ்சலாடியது.

“அடி லூசே,” என்றாள் என்னைப் பார்த்து. “வளையத்தைக் கண்ணிக்குள்ளதானடி கோக்கணும்? சுத்திப் போட்டா நிக்குமா?” அவள் கண்ணும் கலங்கியிருந்தது. “நெசமாவே நடுவுலயா வச்ச?”

“ஸ்கேல் வச்சு அளந்தேன்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் சீக்கிரத்தில் நிற்காது. எனக்கும் தொற்றிக்கொண்டது. வேலை செய்கிறவர்கள் எங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தார்கள்.

“குடும்மா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிக் குடுக்கறேன்” என்றேன்.

அம்மா கையால் மூடிக்கொண்டாள். “யாரும் கை வைக்கக் கூடாது. நடந்தா கிலுகிலுன்னு சத்தம் வருது. இது நல்லாத்தான் இருக்கு.” அந்த அறையை ஒரு சுற்று நடந்து காட்டினாள். இப்போதும் அப்படியேதான் போட்டிருக்கிறாள். அம்மா வீட்டுக்குள் எந்த மூலையில் இருக்கிறாள் என்று அப்பாவுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடுகிறதாம். முன்பெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோகும் என்கிறார்.

கிளம்புவதற்கு முன் மேற்பார்வையாளர் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தார். நான் ஓரத்துக்குப் போய், அக்காவை அம்மா பக்கத்தில் தள்ளிவிட்டேன். அவள் சிரிப்பு இன்னும் அடங்கியிருக்கவில்லை. படத்தில் எல்லாரும் அழகாக இருக்கிறோம். என் கண் நன்றாகத் திறந்திருக்கிறது. அம்மா பக்கத்தில், நட்டநடுவில், அக்கா இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கிறாள்.

அதைப் பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு, எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுகிறாள்.

“கழட்டுடி அத.”

“மாட்டேன்” என்கிறேன். பிறகு அவளுக்கு டீ போடப் போகிறேன்.