கொடுத்தது திரும்பி வந்தபோது

"அதாவது, துரை தேறலைங்கக்கா. நீங்களே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

பயிற்சியாளர் சொல்லி முடித்ததும் தையல்காரிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அடுத்த மூச்சிலேயே வெட்கம். எதை முன்னால் விடுவது என்று தெரியாமல் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் இடம் அது. எட்டு வாரக் குட்டியாக வாங்கிப்போன துரையைப் பதினான்கு மாதம் வளர்த்து, போன கோடையில் இங்கே ஒப்படைத்திருந்தாள். ஏற்பாடே அப்படித்தான், வளர்ப்பது ஒருவர், அது வாழ்வது இன்னொருவரோடு. அன்று அவள் அழவில்லை. பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த மாதிரி என்று அவள் தையல் கடையில் சட்டைக்குக் காஜா எடுக்கும் பெண் ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். அதைக் கேட்க இவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. நெஞ்சுகூட லேசாகியிருந்தது. கொடுத்தது திரும்பி வந்துவிட்டால் அந்த லேசை என்ன செய்வது?

என்ன தப்பு பண்ணினான் என்று கேட்டாள்.

சிக்னல், படிக்கட்டு, கூட்டம் எல்லாவற்றிலும் சிங்கம்தானாம். கடைசித் தேர்வில், நடுச்சாலையில், சாரத்தில் நின்ற ஒரு பெயின்டர் விசிலடித்திருக்கிறான். கூட நடந்தவரை இழுத்துக்கொண்டு துரை அப்படியே திரும்பிவிட்டான். எவ்வளவு பழக்கியும் அந்த ஒரு விசிலை மறக்க மாட்டேன் என்கிறான். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நாங்க விசிலடிச்சுப் பாக்கறோம்" என்று சிரித்த பயிற்சியாளர், உதட்டைக் குவித்து அதை ஊதியும் காட்டினார். இரண்டு குட்டை, ஒன்று நீளம்.

அது அவளுடைய விசில்.

குட்டி வளர்ப்பவர்கள் விசில் பழக்கக் கூடாது என்பது விதி. ஒப்படைக்கப் பத்து நாள் இருந்தபோது, மொட்டைமாடியில், கதவைச் சாத்திக்கொண்டு அவள்தான் பழக்கினாள். என்றைக்காவது தெருவில் எதிரே வந்தால் ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும் என்று. அவ்வளவுதான் ஆசை. முழுசாகக் கொடுத்துவிட்டாள் என்று எல்லோரும் நம்பினார்கள், அவள் உட்பட. அது பாசமா, திருட்டா? பாசம் என்றால் எதற்காகக் கதவைச் சாத்தினாள்?

சுவரோரப் பெஞ்சில் பார்வையில்லாத ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். துரை அவருக்காகத்தான் பழக்கப்பட்டது. அன்று நடுச்சாலையில் இழுபட்டவரும் அவரே. முழங்காலில் இன்னும் கட்டு. நாய்க்காக இரண்டு வருஷம் காத்திருந்தவர், இன்று விடைபெற வந்திருந்தார். அவர் காலடியில் கிடந்த துரை அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. மோவாயை மட்டும் அவர் செருப்பின் மேலிருந்து எடுக்கவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று அவளுக்குப் புரியவில்லை. வலித்தது, நிம்மதியாகவும் இருந்தது.

விசில் பழக்கியது தான்தான் என்று சொல்லிவிட்டாள். பயிற்சியாளரின் பேனா நின்றுபோனது. ரேடியோக்காரர் முழங்கால் கட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஏதாவது திட்டுங்கண்ணே" என்றாள்.

"திட்டுனா முட்டி ஆறிடுமா?"

பயிற்சியாளர் யோசித்து யோசித்துச் சொன்னார். அந்த விசிலை அழிக்க முடியாது. ஆனால் ஒரே ஆளுக்குச் சொந்தமாக்கலாம். ரேடியோக்காரர் தினமும் அடித்துப் பழக்கினால் வேறு யார் அடித்தாலும் நாய் திரும்பாது, முதலில் பழக்கிய ஒருத்தரைத் தவிர. அந்த ஒருத்தர் இனி ஆயுசுக்கும் அதை அடிக்கக் கூடாது. துரை வருகிற தெருப் பக்கமே போகாமல் இருந்தால் இன்னும் நல்லது. இல்லை, வீட்டுக்கே கூட்டிப்போவதென்றாலும் தடையில்லை. அது அக்காவின் இஷ்டம்.

இப்போது கொடுத்தால் அது கொடுத்ததாகுமா, அபராதம் கட்டியதாகுமா? போன கோடையில் கொடுத்தேனே, அது என்ன? கூட்டிப்போனால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? கேள்வி கேள்வியாகக் கேட்டுப் பார்த்தாள்.

ரேடியோக்காரர் அவள் இருந்த பக்கமாகக் காதைத் திருப்பினார்.

"தங்கச்சி, அந்த விசிலை எனக்குச் சொல்லிக் குடுங்க."