அப்பாவை அனுப்பி வை

கடைசி நிறுத்தத்தில் பயணிகள் எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று கண்ணாடியில் ஒருமுறை பார்த்தாலும், ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து பின்வரிசை வரை நடந்துபோய்ப் பார்த்தால்தான் அக்காவுக்கு மனசு ஆறும். அன்றைக்கும் அப்படிப் பாதி பஸ் நடந்திருப்பாள், மகளிடமிருந்து போன் வந்தது. யாரோ விட்டுவிட்டுப் போயிருந்த குடையைக் குனிந்து எடுத்தபடி, "சொல்லுடி" என்றாள்.

"அம்மா, அடுத்த வாரம் நான் வேலைக்குத் திரும்பணும்."

"தெரியுமே. நான்கூட உன்கிட்ட..."

"இரும்மா, நான் சொல்லி முடிச்சிடறேன். தப்பா எடுத்துக்காதே. அப்பாவைக் கொஞ்ச நாளைக்கு அனுப்பி வைக்கறியா?"

"அப்பாவையா? எதுக்கு?"

"பாப்பாவைப் பாத்துக்கத்தான்."

அக்கா அப்படியே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, பஸ்ஸில் யாரும் இல்லை. "அதுக்கென்ன, சொல்றேன்" என்று வாய் சொல்லியது. போனை வைத்த பிறகும் குடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பின்னால் வந்து நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தாள்.

அக்கா என்பது அவள் பெயரில்லை. அந்த வெளிநாட்டு நகரத்து டிப்போவில் பத்துப் பன்னிரண்டு மொழி பேசுகிறவர்கள் வேலை பார்த்தார்கள். என்றைக்கோ ஒரு தமிழ் ஓட்டுநர் அவளை அக்கா என்று கூப்பிடப் போக, மற்றவர்கள் அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளைவிட வயதில் மூத்த மேலாளர்கூட ஒலிபெருக்கியில் "அக்கா, அலுவலகத்துக்கு வரவும்" என்று ஊர்ப் பொதுமொழியில் அறிவிப்பார். அவள் சிரித்துக்கொண்டே போவாள்.

போன வாரம் அப்படித்தான் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் காலியாகிறது என்றும், அதற்கு அவளைத்தான் நினைத்திருப்பதாகவும் சொன்னார். அந்த டிப்போவில் ஒரு பெண் அந்த வேலைக்கு வந்ததே கிடையாது. அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆனாலும் அடுத்த நொடியே, "வேண்டாம் சார். பேத்தியைப் பாத்துக்கணும். எனக்கு நீண்ட லீவுதான் வேணும்" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"உங்க பொண்ணு கேட்டாங்களா?"

"இதெல்லாம் கேக்கணுமா என்ன?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். இந்த மாதம் முடியும்வரை அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போடமாட்டேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். யாரும் கேட்காமலே ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டு வந்ததில் அக்காவுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. கணவரிடம்கூட அந்த வேலைக்குத் தன்னைக் கேட்டதை மட்டும்தான் சொல்லியிருந்தாள். மகளிடம் அதைச் சொல்லும் நேரத்துக்காகத்தான் காத்திருந்தாள். இப்போது அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது, எல்லோரும் பெயின்டர் என்று கூப்பிடும் அவள் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கார் பட்டறையில் முப்பது வருஷம் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவர். நுரையீரல் கெட்டுப்போய், இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டோடு இருந்தார். முதல் வருஷம் ஜன்னலைப் பார்த்தபடியே கழிந்தது. பிறகு ஒருநாள், பசி பொறுக்காமல், சோறு வடித்தார். அது குழைந்து கூழானது. விடாமல் வடித்தார். ஆறு வருஷத்தில் அடுப்படி முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது. அக்காவுக்கு இப்போதெல்லாம் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

"உங்க பொண்ணு போன் பண்ணினா" என்றாள்.

அவர் நிமிரவில்லை. கத்தி மட்டும் நின்றது. அவருக்கு முன்பே தெரியும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

"அம்மாகிட்ட நீயே சொல்லுன்னு சொல்லிட்டேன்" என்றார். "உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவான்னு நானும் நெனச்சேன்."

"நம்ம பொண்ணுக்கு நீங்க ஒரு நாளாவது துணி மாத்தியிருப்பீங்களா?"

"இல்ல."

"தூக்கச் சொன்னா, கையில பெயின்ட் வாசனை, குழந்தைக்கு ஆகாதும்பீங்க."

"ஆமா. சொல்லியிருக்கேன்."

சண்டைக்கு வந்தவளுக்கு எதிராளி கதவைத் திறந்துவிட்டால் எப்படி இருக்கும்? அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் பஸ் லைசென்ஸ் வாங்கிய அன்று "பஸ்ஸையா? நீயா?" என்று கேட்டுவிட்டு, பதினைந்து நாள் முகம் கொடுத்துப் பேசாத மனிதர் இவர். விடியற்காலை ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் தூங்கும் மகளைத் தோளில் போட்டுக் கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு ஓடிய காலம் எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு இவர் இப்படி இருந்திருக்கக் கூடாதா என்றும் தோன்றியது, இன்றைக்கு மட்டும் எதற்கு இப்படி இருக்கிறார் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே மூச்சில் தோன்றியதால் எதைச் சொல்லிக் கோபப்படுவது என்று விளங்கவில்லை.

"நீ போறதா இருந்தா நீ போ" என்றார் பெயின்டர் மெதுவாக.

"என்னைக் கூப்பிடலையே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஞாயிறு சாயங்காலம் அவர் ஒரு பையோடு கிளம்பினார். ஊரின் மறுகோடியில் மகள் வீடு. வார நாட்களில் அங்கே தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை திரும்புவது என்று ஏற்பாடு. வாசலில் செருப்பை மாட்டும்போது, "சாம்பார் பொடி மேல் தட்டுல, இடது பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார். விருந்தாளிக்குச் சொல்வது போல இருந்தது அவளுக்கு.

அந்த வாரம் டிப்போவில் விஷயம் பரவியது. ஓய்வறையில் டீ குடிக்கும்போது ஆளாளுக்குப் பெயின்டரைப் புகழ்ந்தார்கள். இப்படி ஒரு ஆணைப் பார்த்ததே இல்லை என்றாள் ஒருத்தி. கொடுத்து வைத்தவர் அக்கா என்றாள் இன்னொருத்தி. அவர்கள் ஊரில் ஆண்கள் குழந்தையைத் தூக்கினால் கேலி செய்வார்களாம், அதையும் சொன்னாள். வேறொரு நாட்டிலிருந்து வந்த வயதான ஓட்டுநர், தன் ஊரில் தாத்தாமார்தான் பேரக்குழந்தைகளைக் கடைவீதிக்குத் தூக்கிப்போவார்கள், இதில் என்ன அதிசயம் என்று கேட்டார். மூன்று பேரும் மூன்று விதமாகப் பேச, அக்கா எல்லாருக்கும் தலையாட்டினாள். 'நான் ஒரு குழந்தையையும் வளர்த்துக்கொண்டு, பஸ்ஸையும் ஓட்டினபோது எவராவது என்னை இப்படிப் புகழ்ந்தீர்களா' என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் அப்போது இவர்கள் யாருமே இந்த டிப்போவில் இல்லை. யாரைப் போய்க் கேட்பது?

வீட்டில் அடுப்பைப் பற்ற வைக்கவே பிடிக்கவில்லை. ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுவிட்டுப் படுத்தாள். நாளெல்லாம் நூறு பேரை ஏற்றி இறக்குகிறவளுக்கு வீட்டில் பேச ஆளில்லை என்பது புதிதாக இருந்தது. பெயின்டர் ஆறு வருஷமாக இப்படித்தான் பகலெல்லாம் தனியே இருந்தார் என்று ஒருமுறை தோன்றியது. அந்த நினைப்பு பிடிக்காமல் புரண்டு படுத்தாள்.

மாப்பிள்ளையின் தாயார் வருகிறாள் என்று பெயின்டர் அந்த வெள்ளிக்கிழமை திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை அவளே புறப்பட்டுப் போனாள். கதவைத் திறந்தது மாப்பிள்ளை. வேறு மொழிக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாமியாரோடு பேச வேண்டும் என்பதற்காகவே போனில் பாடம் கேட்டுத் தமிழ் படித்தவர். அதனால் அச்சடித்த புத்தகம் மாதிரிப் பேசுவார். "வாருங்கள் அம்மா. தேநீர் அருந்துகிறீர்களா?" என்றார். அவருடைய தாயாரும் முந்தின நாள்தான் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். சம்பந்திக்கு அவள் மொழி தவிர வேறொன்றும் தெரியாது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

எதிரே குளியலறைக் கதவு திறந்திருந்தது. பெயின்டர் முட்டிக்கால் வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, நீலத் தொட்டியில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தார். இடது உள்ளங்கையில் தலையைத் தாங்கி, வலது கையால் கழுத்து மடிப்பை வழித்து விட்டார். கார்க் கதவில் தூசு தங்கிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்ப்பாரே, அதே நிதானம். குழந்தை ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

துடைத்துப் பவுடர் போட்டு அக்கா மடியில் கொண்டுவந்து வைத்தார். வைத்ததுதான் தாமதம், குழந்தை வீல் என்று கத்தியது. "தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி" என்றார்.

"எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

கேட்ட பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. மாப்பிள்ளை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பெயின்டர் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அழுகை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

அக்காவின் மடி வெறுமையாகக் கிடந்தது. அப்போது சம்பந்தி அவள் பக்கம் திரும்பினாள். பால்கனியைச் சுட்டிக் காட்டினாள். பிறகு அக்காவைச் சுட்டினாள். இரண்டு கைகளாலும் பெரிய வட்டம் போட்டு, ஸ்டியரிங்கைத் திருப்புவது போல இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். கடைசியில் தன் நெஞ்சில் கை வைத்து, தலையை மெல்ல ஆட்டி, நீளமாக ஏதோ சொன்னாள். கண்கள் கலங்கியிருந்தன. 'நீ இப்படி வண்டி ஓட்டப் போனதால்தானே உன் வீட்டு ஆம்பிளை குழந்தை குளிப்பாட்டுகிறான்' என்று அங்கலாய்க்கிறாளா? 'எனக்கும் இப்படி ஒன்று வாய்த்திருக்கக் கூடாதா' என்கிறாளா? முகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை.

டீயோடு வந்த மாப்பிள்ளையிடம், "அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

அவர் தன் தாயைப் பார்த்தார். அவள் மறுபடியும் அதே நீளத்துக்குச் சொன்னாள். அவர் சற்று யோசித்தார். "நீங்கள் மிகப் பெரிய வாகனத்தை ஓட்டுகிறீர்கள் என்று கூறுகிறார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அம்மா" என்றார், டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

மகள் துணி மடித்துக்கொண்டிருந்த அறைக்கு அக்கா எழுந்து போனாள். கொஞ்ச நேரம் அவளும் மடித்தாள். கையளவு சட்டைகள். எப்படி மடித்தாலும் ஒன்றுபோலவே வந்தன.

"என்னைக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனேடி."

"தெரியும். அதான் கூப்பிடல."

"என்ன பேச்சு இது?"

"பயிற்சி வேலைக்கு உன்னைக் கேட்டிருக்காங்கன்னு அப்பா சொன்னாரு. நான் கூப்பிட்டா அதை விட்டுட்டு வந்து நிப்ப. அப்புறம் ஆயுசுக்கும் அது என் தலையில."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. என்னால வர முடியாதுன்னு நானே சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பியா?"

கூப்பிடுவதற்கு முன்பே அவள் மேலாளரிடம் அந்த வேலையை வேண்டாம் என்றதை மகளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. ஒரு சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"சின்ன வயசுல உன்னைக் கீழ்வீட்டு ஆன்ட்டிகிட்ட விட்டுட்டுப் போனேன். அது மனசுல இருக்கா?"

மகள் ஒரு சட்டையின் பொத்தானைப் போட்டாள். "உன் பஸ் நம்ம தெருமுனையில திரும்பும்ல, அப்ப ஆன்ட்டி வீட்டு ஜன்னல்ல ஏறி நிப்பேன். எங்கம்மா, எங்கம்மான்னு எல்லாருக்கும் காட்டுவேன். அவ்வளவு பெருமையா இருக்கும்."

அக்காவுக்கு முகம் மலர்ந்தது.

"பஸ் போனதும் அழுவேன்" என்றாள் மகள். "தினமும் இல்ல. சில நாள்."

சொல்லிவிட்டு மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். அவள் குரலில் குறையும் இல்லை, சமாதானமும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள். அக்காவுக்கு அவளை அணைத்துக்கொள்வதா, அழுவதா என்று தலைகால் புரியவில்லை. வெளியே பால்கனியில் பெயின்டர் குழந்தைக்குக் கீழே போகிற கார்களை எல்லாம் காட்டி, நிறம் நிறமாகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதத்தின் கடைசி வேலை நாளில் மேலாளர் அறைக்குப் போய், "அந்த இடம் இன்னும் இருக்கா சார்?" என்று கேட்டாள். இருந்தது. அவர் கை குலுக்கினார். சந்தோஷம் வரும் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். வந்தது, ஆனால் கூடவே வேறு ஏதோவும் வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் பெயின்டருக்குப் போன் செய்து சொன்னாள். "நல்லது" என்றார். பின்னால் குழந்தை ங்கா, ங்கா என்று நீட்டி முழக்கியது. "இரு, அம்மாச்சிகிட்ட பேசறேன்ல" என்று அதை அதட்டினார். பாட்டியான பிறகு, அம்மாச்சி என்று அவளை ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பயிற்சி வேலையின் முதல் நாள் அவளிடம் வந்த ஓட்டுநர் நாற்பது வயதுக்காரர், வேறு கண்டத்திலிருந்து வந்தவர், அங்கே லாரி ஓட்டியவர். ஒரு பெண்ணிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அவளைப் பார்த்ததும் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு போய் இருக்கையைச் சரிசெய்துகொண்டார். அக்கா அவருக்குப் பக்கத்தில், கதவோரமாகப் போட்டிருந்த சின்ன இருக்கையில் உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருஷமாக ஓட்டிய பஸ்தான். ஆனால் அந்த இடத்திலிருந்து பார்க்கச் சாலையே வேறு மாதிரி இருந்தது. எல்லாம் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் சாய்ந்து தெரிந்தது.

"போகலாம்" என்றாள்.

மனிதர் நன்றாகத்தான் ஓட்டினார். சந்தை வளைவில் சற்று வேகமாகத் திரும்பினாலும், அவளாக ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தூரத்தில் நிறுத்தம் தெரிந்தது. கையில் பையோடு ஒரு பெண்ணும், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஓர் இளைஞனும் நின்றிருந்தார்கள். நிறுத்தம் நெருங்கியது. இவர் இன்னும் வேகத்தைக் குறைக்கவில்லை என்று பட்டது. அக்காவின் வலது கால் தன்னால் நீண்டு, பிரேக் இல்லாத வெறும் தரையை அழுத்தியது.

பஸ் ஒரு குலுக்கலும் இல்லாமல், கோட்டுக்கு நேராக வந்து நின்றது. கதவு திறந்தது. இளைஞன் தள்ளுவண்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். ஓட்டுநர் அவள் பக்கம் திரும்பி, "சரியா?" என்று கேட்டார்.

அக்கா அவரைப் பார்த்தாள். கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.