குருகா, வக்காவா

என் மச்சான் ஏழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். அதே பணிமனையில் நான் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் அவர் பிரேக்கைக் குறை சொல்வார், நான் அதை மிதிக்கும் அவர் காலைக் குறை சொல்வேன். ஞாயிறு காலை மட்டும் சண்டையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, குடிநீர்த் தேக்கத்தின் கரையில் சேர்ந்து பறவை பார்ப்போம். மனைவியின் அண்ணன், வேறு வழியும் இல்லை.

எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வார், மற்றவர் எழுதுவார். எழுதி முடித்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்கலாம். முதலிலேயே படத்தைப் பார்த்துவிட்டால் மனசு பறவையைப் பார்க்காது என்பது மச்சானின் கட்சி.

அன்று கோரைப் புதரின் ஓரத்தில் ஒரு பழுப்புப் பறவை கழுத்தை உள்ளிழுத்து நின்றது. சரியாகப் பறக்கக்கூடத் தெரியாத இளசு. ஒரு வாரமாக எங்கள் பறவைக் குழுவில் அதைப் பற்றித்தான் பேச்சு, யாருக்கும் பிடிபடவில்லை.

"எழுதிக்கோங்க மாப்ள," என்றார் மச்சான். "உடம்பெல்லாம் பழுப்பு, கறுப்புக் கீறல். உச்சந்தலை கறுப்பு. கன்னத்துல மீசை மாதிரி ஒரு கோடு. வெள்ளைப் புள்ளி கிடையாது. பெரிய குருகுதான். இந்தத் தேக்கத்துல இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல."

"கொஞ்சம் நகருங்க, நானும் பார்க்கறேன்."

பார்த்தேன். இறக்கை முழுக்கச் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். மீசையைக் காணோம். அது வக்காக் குஞ்சு, இராக்கொக்கு என்பார்களே அது. வக்கா இங்கே குஞ்சு பொரித்ததே புதுச் செய்திதான், ஆனால் குருகு இல்லை.

மனுஷர் இன்றைக்கு மாட்டினார் என்று சிரித்தபடி நோட்டையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதெல்லாம் புத்தகத்தில் பெரிய குருகின் படத்துக்குக் கீழே இருக்கும் வரிகள். அதே வரிசையில். என் சிரிப்பு அடங்கிவிட்டது.

"மச்சான், புள்ளி அத்தனை இருக்கு. நிஜமாவே தெரியலையா?"

"வெயில் கண்ணுல அடிக்குது."

"வெயில் நமக்கு முதுகுப் பக்கம் இருக்கு."

அவர் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார்.

"போன மாசம் கண் டெஸ்ட்ல பாஸ் ஆனீங்களே?"

"அந்தப் போர்டை இருபத்தாறு வருஷமா மாத்தல மாப்ள. கடைசி வரி வரைக்கும் மனப்பாடம்."

"என் பொண்ணு தினமும் உங்க பஸ்லதான் காலேஜ் போறா."

"தெரியும். அதான் அவ நிக்கிற ஸ்டாப்புக்கு மட்டும் உருட்டிக்கிட்டே வருவேன்."

"மத்த ஸ்டாப்புல நிக்கிறவங்க?"

கத்தியே விட்டேன். குஞ்சு கோரைக்குள் ஓடி மறைந்தது. அவரை நாலு அறை விடலாம் போலிருந்தது. பாவமாகவும் இருந்தது. ஓய்வு பெற இன்னும் நாலு வருடம், ஸ்டியரிங்கைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

"நாளைக்கு வண்டியை எடுக்க விடமாட்டேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

அப்போது குழுவின் செயலாளர் பதிவேட்டோடு வந்தார். எங்கள் பணிமனை மேலாளரின் மனைவி அவர். "முடிவாச்சா? குருகா, வக்காவா? யார் பார்த்தாங்கன்னும் போடணும்," என்றார்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் தொலைநோக்கிக்கு மூடி போட்டார்.

"வக்காக் குஞ்சும்மா. பார்த்தது மாப்ளதான், அவர் பேரைப் போடுங்க," என்றார். "எனக்குத் தெரியல. ஆறு மாசமாவே கண்ணு சரியாத் தெரியல. சார்கிட்ட சொல்லிடுங்க, நாளைக்கு ஏழாம் நம்பருக்கு வேற ஆளைப் போடணும்."